ஒரு போர்வையும் ஒரு திருத்தமும்

கொஞ்சம் நீளமான பதிவு. அவசரமில்லை, இரவு சாப்பிட்ட பிறகு படியுங்கள்.

கனடாவில் ஸ்கார்பரோவில் இருக்கும் என் தங்கை மகள் ஊருக்கு வந்தபோது எனக்கு ஒரு கம்பளிப் போர்வை கொண்டுவந்தாள். வெள்ளை நிறம். அதில் பச்சை, சிவப்பு, மஞ்சள், கருநீலம் என்று நான்கு பட்டைகள். ஓரத்தில் சின்னச் சின்னதாகச் சில கோடுகள்.

"ஹட்சன் பே கம்பெனிப் போர்வை மாமா. 2025-இல் கடைகளை மொத்தமாக மூடினார்கள் இல்லையா, அப்போது வாங்கியது. இந்தக் கோடு ஒவ்வொன்றும் ஒரு பீவர் தோலாம். நாலு கோடு இருந்தால் அந்தக் காலத்தில் நாலு தோல் கொடுத்து வாங்கணுமாம்" என்றாள்.

வாத்தியார் புத்தி சும்மா இருக்குமா? தேடிப் படித்தேன். அந்தக் கோடுகள் போர்வையின் அளவைக் குறிப்பவை, விலையை அல்ல. அவள் சொன்னது தவறு என்று கண்டுபிடித்த மகிழ்ச்சி எனக்கு அதிக நேரம் நீடிக்கவில்லை. படிக்கப் படிக்க, நான் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்த ஒன்றும் தவறு என்று தெரிந்தது.

"ஐரோப்பியர் கண்ணாடி மணிகளைக் காட்டி, விவரம் தெரியாத செவ்விந்தியர்களை ஏமாற்றி, விலை உயர்ந்த தோல்களை வாங்கிச் சென்றனர்." இந்த வரியை எத்தனை வருடம் கரும்பலகையில் எழுதிப் போட்டிருப்பேன்! உங்களில் பலர் இதைத் தேர்விலும் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறீர்கள். அதைத் திருத்தத்தான் இந்தப் பதிவு.

முதலில் பீவர் என்றால் என்ன? நம் ஊர் நீர்நாய் அல்ல. எலி, அணில் போலக் கொறிக்கும் இனம். பல்லால் மரத்தைக் கடித்துச் சாய்த்து, ஓடையை மறித்து அணை கட்டி, அந்தக் குட்டைக்குள் வீடு கட்டி வாழும். அதன் உடம்பில் இரண்டு அடுக்கு ரோமம் உண்டு. மேலே நீண்டு முரடான ரோமம், அடியில் பஞ்சு போன்ற மென்ரோமம். அந்த மென்ரோம இழைகளில் கண்ணுக்குத் தெரியாத கொக்கிகள் இருப்பதால், அழுத்தினால் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். அதில் செய்த தொப்பி மழையில் நனைந்தாலும் வடிவம் குலையாது. ஐரோப்பாவில் கௌரவமான மனிதன் என்றால் தலையில் பீவர் தொப்பி வேண்டும் என்ற காலம் அது. அங்கே இருந்த பீவர்களை வேட்டையாடி ஏறக்குறைய தீர்த்துவிட்டார்கள். வட அமெரிக்காவிலோ ஓடைக்கு ஓடை பீவர் இருந்தது.

1534-இல் பிரெஞ்சு மாலுமி ழாக் கார்ட்டியே இன்றைய கனடாவின் கிழக்குக் கரைக்கு வந்தபோது, மிக்மாக் மக்கள் கரையில் நின்று, கம்பு நுனியில் தோல்களைக் கட்டி உயர்த்திக் காட்டி அவரை அழைத்தார்கள். அதாவது, வியாபாரத்துக்குக் கூப்பிட்டதே அவர்கள்தான். மீன் பிடிக்க வந்த ஐரோப்பியரோடு அதற்கு முன்பே அவர்களுக்குப் பழக்கம் இருந்தது.

ஏமாந்தவர் யார் என்று பாருங்கள். குளிருக்குப் போர்த்திப் பழசாகிப்போன பீவர் தோல் அங்கியைப் பூர்வகுடி மக்கள் கழற்றிக் கொடுத்தார்கள். ஐரோப்பியர் அதைத்தான் ஆசையாக வாங்கினார்கள். ஏனென்றால் ஒன்றிரண்டு வருடம் உடுத்தியதில் மேல் ரோமம் உதிர்ந்து, தொப்பிக்கு வேண்டிய மென்ரோமம் மட்டும் மிஞ்சியிருக்கும். பழைய உடுப்புக்குப் புது இரும்புக் கோடாரி! ஒரே ஒரு தோலுக்கு இருபது கத்தி தருகிறார்களே, இவர்களுக்குப் புத்தியில்லை என்று இன்னு இனத்தவர் ஒருவர் ஆங்கிலேயரைப் பார்த்துச் சிரித்ததை, 1634-இல் பால் லெ ஜூன் என்ற பாதிரியார் எழுதி வைத்திருக்கிறார்.

அவர்கள் கறாரான வாடிக்கையாளர்கள். கனமான பாத்திரம் வேண்டாம், தூக்கிக்கொண்டு அலைய இலேசானதாகக் கொடு என்பார்கள். பிரேசில் புகையிலைதான் வேண்டும் என்பார்கள். துப்பாக்கி சரியில்லை என்றால் வாங்க மாட்டார்கள். ஹட்சன் பே கம்பெனியின் கணக்குப் புத்தகத்திலேயே பவுனும் ஷில்லிங்கும் அல்ல, பீவர் தோல்தான் அளவுகோல். எந்தப் பொருளுக்கும் இத்தனை தோல் என்றுதான் விலை.

ஆகவே, தொடக்கத்தில் இது இரண்டு பக்கமும் விரும்பிச் செய்த வியாபாரம். பிறகு எங்கே பிசகியது?

வியாபாரத்துக்குக் கிடங்கு வேண்டும், கிடங்குக்குக் கோட்டை வேண்டும். 1608-இல் சாம்ப்ளேன் கியூபெக்கை நிறுவினார். 1624-இல் டச்சுக்காரர்கள் இன்றைய ஆல்பனி இருக்கும் இடத்தில் ஆரஞ்சுக் கோட்டையைக் கட்டினார்கள். 1626-இல் அவர்களுடைய ஒரே ஒரு கப்பல் 7,246 பீவர் தோல்களோடு ஆம்ஸ்டர்டாம் போய்ச் சேர்ந்தது. நியூயார்க் நகரத்தின் முத்திரையில் இன்றும் பீவர் உருவம் இருக்கிறது.

தோல் வேண்டுமானால் பூர்வகுடிகளின் நட்பு வேண்டும். நட்பு என்றால் அவர்களுடைய பகையிலும் பங்கெடுக்க வேண்டும். 1609-இல் சாம்ப்ளேன், தன் வியாபாரக் கூட்டாளிகளான வென்டாட் முதலிய மக்களுக்காக, அவர்களுடைய எதிரிகளான மோஹாக் மக்கள்மீது துப்பாக்கியால் சுட்டார். மோஹாக்குகள் பின்னாளில் டச்சுக்காரர்களிடம் துப்பாக்கி வாங்கினார்கள். தங்கள் பகுதியில் பீவர் குறையக் குறைய, அடுத்தவர் பகுதி தேவைப்பட்டது.

அதே நேரத்தில் வியாபாரப் பாதை வழியாகவே நோயும் வந்தது. 1634 முதல் 1640 வரை அடுத்தடுத்து வந்த கொள்ளைநோய்களில், கடைசியாக வந்த பெரியம்மையோடு சேர்த்து, வென்டாட் மக்களில் பாதிப் பேருக்கு மேல் இறந்தார்கள். நோயில் ஆட்களை இழந்த இனங்கள், எதிரிகளைச் சிறைபிடித்து வந்து தங்கள் குடும்பங்களில் சேர்த்துக்கொள்ளவும் போருக்குப் போயின. 1649-இல் மோஹாக் உள்ளிட்ட இரோகுவா கூட்டமைப்பின் படையெடுப்பில் வென்டாட் நாடு சிதைந்தது. தங்கள் கிராமங்களைத் தாங்களே எரித்துவிட்டு வெளியேறினார்கள். ஒரு தீவில் பட்டினியோடு ஒரு குளிர்காலத்தைக் கழித்து, மிஞ்சியவர்களில் சிலநூறு பேர் கியூபெக் போய்ச் சேர்ந்தார்கள். அவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் கியூபெக் நகரத்துக்கு அருகே வென்டாக்கேயில் வாழ்கிறார்கள்.

ஸ்கார்பரோ உறவுகளே, உங்கள் பக்கத்து ரூஜ் ஆற்றின் முகத்துவாரத்தில், அந்தப் போர்களுக்குப் பிறகு 1660-களில், இரோகுவாக்களில் ஒரு பிரிவினரான செனெக்கா மக்களின் கிராமம் ஒன்று இருந்தது. வடக்கேயிருந்து தோல் வரும் பாதையில் அமைந்த ஊர் அது. அடுத்த முறை அங்கே பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போனால் சொல்லுங்கள்.

இனி ஹட்சன் பே கம்பெனிக்கு வருவோம். கிழக்கிந்தியக் கம்பெனியைப் படித்த நமக்கு இது பழகிய கதைதான். 1670 மே 2 அன்று இங்கிலாந்து அரசர் இரண்டாம் சார்லஸ் ஒரு பட்டயம் கொடுத்தார். ஹட்சன் விரிகுடாவில் வந்து சேரும் ஆறுகள் பாயும் நிலம் அத்தனையும் கம்பெனிக்குச் சொந்தம் என்றார். முதல் தலைவர் அவருடைய அத்தை மகன் இளவரசர் ரூபர்ட். அந்த நிலத்துக்கு ரூபர்ட்ஸ் லேண்ட் என்று பெயர். ஏறத்தாழ 39 லட்சம் சதுர கிலோமீட்டர். இன்றைய இந்தியாவைவிடப் பெரியது. அரசர் அதைப் பார்த்ததே இல்லை. அங்கே வாழ்ந்த மக்களுக்கு இப்படி ஒரு தாள் இருப்பதே தெரியாது.

ஆனால் அந்தத் தாள் நீண்ட காலம் வெறும் தாளாகவே இருந்தது. கரையோரக் கோட்டைகளில் இருந்த சில ஆங்கிலேயர்கள் பூர்வகுடிகள் இல்லாமல் ஒரு குளிர்காலத்தைத் தாண்டுவதே கடினம். வேட்டை, உணவு, படகு, பனிக்காலணி, வழிகாட்டல் எல்லாம் அவர்கள்தான். தனடெல்தூர் என்ற டெனே இனத்து இளம்பெண்ணை நினைத்துப் பாருங்கள். க்ரீ மக்களால் சிறைபிடிக்கப்பட்டுத் தப்பி, 1714-இல் யார்க் ஃபேக்டரி கோட்டைக்கு வந்தாள். அடுத்த ஆண்டு கம்பெனி ஆள் ஒருவரோடும் க்ரீ மக்களோடும் பஞ்சத்தில் பயணம் போய், வழியில் அவர்களை நிறுத்திவிட்டுத் தனியாக நடந்து தன் மக்களைத் தேடிப் பிடித்து, தொண்டை கட்டும்வரை பேசி, இரு இனத்துக்கும் சமாதானம் செய்துவைத்தாள். 1717-இல் நோயில் இறந்தாள். இவள் பெயரை நான் உங்களுக்குச் சொன்னதே இல்லை. இளவரசர் ரூபர்ட்டையாவது ஒரு முறை சொல்லியிருப்பேன்.

வியாபாரிகள் பூர்வகுடிப் பெண்களை அந்த ஊர் வழக்கப்படி மணந்தார்கள். அந்தக் குடும்பங்களிலிருந்து மேட்டீ என்ற ஒரு புதிய இனமே உருவானது. உறவு இல்லாமல் வியாபாரம் இல்லை என்ற காலம் அது.

நோயைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். போர்வை என்றதும் சிலருக்கு அம்மைப் போர்வைக் கதை நினைவு வரும். அது 1763-இல் பிட் கோட்டையில் நடந்தது. பேச்சு நடத்த வந்த டெலவேர் மக்களுக்கு, அம்மை மருத்துவமனையிலிருந்து எடுத்த இரண்டு போர்வைகளையும் ஒரு கைக்குட்டையையும் கோட்டையில் இருந்த பிரிட்டிஷார் வேண்டுமென்றே கொடுத்தார்கள். ஹட்சன் பே கம்பெனியோ 1837-இல் சமவெளியில் பெரியம்மை பரவியபோது தடுப்பூசி போட்டது. கருணை இருந்திருக்கலாம். வேட்டைக்காரர் உயிரோடு இருந்தால்தான் தோல் வரும் என்ற கணக்கும் இருந்தது.

அந்தக் கணக்கு மாறியபோதுதான் எல்லாம் மாறியது. இலையுதிர் காலத்தில் கடனுக்குப் பொருள், வசந்தத்தில் தோலாகத் திருப்பிக் கட்ட வேண்டும். பீவர் இருந்தவரை இது நடந்தது. கம்பெனிகளின் போட்டியில் சாராயமும் ஆறாக ஓடியது. 1820-களில், அமெரிக்கர்கள் வராமல் தடுக்க, மேற்கே ஸ்நேக் ஆற்றுப் பகுதியில் பீவர்களை அடியோடு ஒழிக்கவே கம்பெனி உத்தரவு போட்டது. பிறகு ஐரோப்பாவில் பட்டுத் தொப்பி நாகரிகம் வந்து பீவர் தொப்பியைத் தள்ளியது. இப்போது லாபம் தோலில் இல்லை, மண்ணில். குடியேறி உழ வருபவர்களுக்கு வேட்டைக்காரர் தேவையில்லை, அவருடைய நிலம்தான் தேவை.

1869-இல் ரூபர்ட்ஸ் லேண்ட் உரிமையைக் கனடாவுக்கு விட்டுக்கொடுக்கக் கம்பெனி கையெழுத்திட்டது. விலை 3,00,000 பவுன். போதாததற்கு, வளமான பகுதியில் இருபதில் ஒரு பங்கு நிலம் கம்பெனிக்கே. க்ரீ மக்களை யாரும் கேட்கவில்லை. மேட்டீ மக்களையும் கேட்கவில்லை. நில அளவையாளர்கள் சங்கிலியோடு வந்தபோது லூயி ரியேல் தலைமையில் மேட்டீகள் மறித்தார்கள். அதன் விளைவாக 1870-இல் மனிடோபா மாகாணம் பிறந்தது. ரியேல் 1885-இல் தூக்கிலிடப்பட்டார்.

1874-இல் குவாப்பெல் கோட்டையில் கனடா அரசு நான்காம் உடன்படிக்கைக்காகப் பூர்வகுடித் தலைவர்களை அழைத்தது. காட்டெருமைக் கூட்டங்கள் அருகிக்கொண்டிருந்த காலம். பல நாள் பேச்சு நகரவில்லை. கடைசியில் பாஸ்குவா என்ற தலைவர், அங்கே நின்ற கம்பெனி அதிகாரியைக் காட்டி, நிலத்தை 3,00,000 பவுனுக்கு விற்றதாக நீயே சொன்னாய், அந்தப் பணம் எங்களுக்கு வேண்டும் என்று கேட்டார். பணம் வரவில்லை. உடன்படிக்கை மட்டும் கையெழுத்தானது.

கண்ணாடி மணியில் ஏமாந்தவர் கேட்கிற கேள்வியா இது? கணக்குத் தெரிந்தவர் கேட்கிற கேள்வி. விற்றவன் யார், பொருள் யாருடையது, பணம் யாருக்கு என்று மூன்றையும் ஒரே மூச்சில் கேட்டிருக்கிறார். அவரைத்தான் நான் "விவரம் தெரியாதவர்" என்று எழுதிப் போட்டேன்.

ஆகவே பிள்ளைகளே, பழைய நோட்டு இருக்கிறதோ இல்லையோ, மனதில் இருக்கும் அந்த வரியை அடித்துவிட்டு இப்படி எழுதிக்கொள்ளுங்கள்: தோல் வணிகத்தைப் பூர்வகுடி மக்கள் அறிந்தே செய்தார்கள், நன்றாகவும் செய்தார்கள். நோயும் போரும் அவர்களைக் குறைத்தன. தோலுக்குத் தேவை இருந்தவரை அவர்கள் கூட்டாளிகள். தேவை தீர்ந்ததும், அவர்கள் விற்காத நிலத்தை வேறொருவர் விற்றார்.

போர்வை நல்ல கதகதப்பு. இங்கே மார்கழியில்கூட அது தேவைப்படாது. மடித்து அலமாரியில் வைத்திருக்கிறேன். வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்டால் எடுத்துக் காட்டி, கோட்டுக்கு என்ன அர்த்தம் என்று முதலில் கேட்பேன். தயாராக வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்