இன்சாஸ் துப்பாக்கியும் பிளாஸ்டிக் மேல் விழுந்த பழியும்

பிளாஸ்டிக் குடத்தைப் பற்றி மதுரைக்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். மொட்டை மாடியில் இரண்டு கோடை வெயில் பட்டால் போதும், வாய் விளிம்பில் விரிசல் விட்டுவிடும். பாட்டி காலத்துப் பித்தளைக் குடம் கீழே விழுந்தால் நெளியும், அவ்வளவுதான். நெளிந்த குடத்திலும் தண்ணீர் பிடிக்கலாம். அதனால்தான் "துப்பாக்கியையும் பிளாஸ்டிக்கில் செய்கிறார்கள்" என்று சொன்னால் நம் ஆட்கள் சிரிக்கிறார்கள்.

மாட்டுத்தாவணியில் பஸ் ஏறினால் மூன்று மணி நேரத்துக்குள் திருச்சி. அங்கே நவல்பட்டில் 1966-ல் தொடங்கிய துப்பாக்கித் தொழிற்சாலை இருக்கிறது. மேற்கு வங்க இஷாப்பூர், கான்பூர் தொழிற்சாலைகளோடு சேர்ந்து நம் ராணுவத்தின் இன்சாஸ் ரைபிளைச் செய்த இடம் அது. பிளாஸ்டிக்கா உலோகமா என்ற சண்டையில் நம் ஊர்ப் பக்கத்துக் கதை இந்த இன்சாஸ்தான்.

முதலில் ரிசீவர் என்றால் என்ன? துப்பாக்கியின் உடம்பு. குழல் அதன் முன்பக்கம் பொருத்தப்பட்டிருக்கும். போல்ட் அதற்குள்தான் முன்னும் பின்னும் ஓடும். மேகசின் அதன் அடியில் மாட்டும். மற்ற எது உடைந்தாலும் மாற்றிக்கொள்ளலாம், ரிசீவர் போனால் துப்பாக்கியே போன மாதிரி.

இன்சாஸுக்கு முன்னால் நம் ஜவான்கள் தூக்கியது இஷாப்பூர் எஸ்.எல்.ஆர். அதன் ரிசீவர் கட்டி எஃகைக் கடைந்து எடுத்தது. கனம் அதிகம், ஆனால் ஆயுசு கெட்டி. ரஷ்யர்களும் ஏகே-47-ஐ முதலில் தகட்டில் அடித்துப் பார்த்தார்கள், சரியாக வரவில்லை. கடைந்த ரிசீவருக்குப் போய், 1959-ல் ஏகேஎம் வந்தபோது மறுபடி தகட்டுக்கே திரும்பினார்கள். வணிகவியல் மாணவனாக எனக்கு இதில் தெரிவது காஸ்டிங் கணக்கு :-) கடைந்தால் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் மெஷின் நேரம் செலவு, பாதி எஃகு சீவலாகப் போகும். அச்சுக்கு முதலில் பெரும் பணம் போட்டுவிட்டால் அப்புறம் லட்சம் துப்பாக்கி அடித்தாலும் ஒவ்வொன்றின் தலையில் விழுவது சொற்பம். பிளாஸ்டிக் வார்ப்பு அதையும் விட வேகம். எனவே யாராவது ஒருநாள் ரிசீவரையே பிளாஸ்டிக்கில் ஊற்றிப் பார்ப்பார்கள் என்பது எதிர்பார்த்ததுதான்.

அதை அமெரிக்க ரெமிங்டன் கம்பெனி 1959-லேயே செய்தது. நைலான் 66 என்று பெயர். கட்டையும் ரிசீவரும் சேர்ந்து ஒரே நைலான் உடம்பு. பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. ஆனால் அது சின்னத் தோட்டா போடும் .22 ரைபிள், குழல் பெரிதாகச் சூடாகாது.

போர்க்களத் துப்பாக்கி அப்படியல்ல. ஜெர்மனி ராணுவம் 1997-ல் ஜி36 ரைபிளை எடுத்தது. கண்ணாடி இழை கலந்த பிளாஸ்டிக் ரிசீவர், குழலைப் பிடிக்கும் இடத்தில் மட்டும் உலோகம். லேசு, துருப் பிடிக்காது. ஆப்கானிஸ்தானில் நீண்ட சண்டைகள் நடந்த பிறகுதான் புகார்கள் எழுந்தன. தொடர்ந்து சுட்டால் குழல் சூடாகிறது, அதைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் இளகுகிறது, குறி விலகுகிறது என்றார்கள். உடம்பு உடையவில்லை, இடம்தான் பிசகியது. 2015-ல் பாதுகாப்பு அமைச்சர் உர்சுலா வான் டெர் லேயன் இப்போதைய வடிவில் இந்தத் துப்பாக்கிக்கு எதிர்காலம் இல்லை என்று அறிவித்தார். அரசு நஷ்டஈடு கேட்க, 2016-ல் கோப்லென்ஸ் நீதிமன்றம் கம்பெனி பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஒப்பந்தத்தில் கேட்டபடிதான் பொருள் வந்திருக்கிறதாம்! ஒப்பந்தச் சட்டம் படிக்கும் பி.காம். மாணவர்கள் கவனிக்க வேண்டிய வழக்கு. அடுத்து அவர்கள் தேர்ந்தெடுத்தது அலுமினிய ரிசீவர் உள்ள ரைபிள்.

நம் கதையில் வில்லன் சூடு அல்ல, குளிர். இன்சாஸ் 1990-களில் படைக்குள் வந்தது. அதன் ரிசீவர் ஏகே பாணியில் எஃகுத் தகடு. பிளாஸ்டிக் இருந்தது கைப்பிடி போன்ற இடங்களிலும், முக்கியமாக மேகசினிலும். எத்தனை தோட்டா மிச்சம் என்று கண்ணால் பார்க்கலாம் என்பதற்காக ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக். யோசனை நல்ல யோசனைதான். 1999-ல் கார்கில். 16,000 அடிக்கு மேல், உறைபனிக்கும் கீழான குளிரில், பாறையோடு பாறையாக ஊர்ந்து ஏறுகிறார்கள். அந்தக் குளிரில் மேகசின்கள் விரிசல் விட்டன. மேகசின் உடைந்தால் தோட்டா ஏறாது. எதிரே மேலிருந்து சுடுகிறவன் நீங்கள் வேறு மேகசின் மாற்றும் வரை காத்திருக்க மாட்டான்.

அதற்கப்புறம் பேச்சு எல்லாம் "இன்சாஸ் பிளாஸ்டிக் துப்பாக்கி, அதான் போச்சு" என்பதாக மாறியது. எனக்கு இது நியாயமாகப் படவில்லை. எஃகு ரிசீவர் அங்கேதான் இருந்தது, குளிரில் உடைந்தது அது அல்ல. வியட்நாமில் எம்16-க்கும் இதே கதி. பொம்மைக் கம்பெனி செய்தது என்று சிப்பாய்கள் கிண்டல் செய்தார்கள். அங்கே சிக்கலுக்குக் காரணம் மாற்றிய மருந்தும், குரோம் பூசாத தோட்டா அறையும், சுத்தம் செய்யச் சாமான் கொடுக்காததும். பிளாஸ்டிக் கட்டைக்கு அதில் பங்கே இல்லை. ரிசீவர் அலுமினியம்.

சோவியத் படை 1974-ல் ஏகே-74-ஐ எடுத்துக்கொண்டு, இழை கலந்த செம்பழுப்பு நிற பிளாஸ்டிக் மேகசின்களை சைபீரியக் குளிரிலும் பல ஆண்டுகள் பயன்படுத்தியது. ஆகவே 1999-ல் கேட்டிருக்க வேண்டிய கேள்வி பிளாஸ்டிக்கா என்பதல்ல. எந்த பிளாஸ்டிக், அதை எத்தனை டிகிரி குளிரில் கீழே போட்டுப் பார்த்தார்கள் என்பதுதான். நம் வடக்கு எல்லையில் பனிமலை இருப்பது வடிவமைத்தவர்களுக்குத் தெரியாத ரகசியம் அல்லவே.

இப்போது இன்சாஸ் விடைபெறுகிறது. 2019-ல் அமெரிக்க சிக் 716 ரைபிள்கள் 72,400 வாங்க ஒப்பந்தம் போட்டார்கள், அதன் ரிசீவர் அலுமினியம். 2021 டிசம்பரில் ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட ஏகே-203-க்கு ஒப்பந்தம். அவை தயாராவது திருச்சியில் இல்லை, உத்தரப் பிரதேசத்தின் அமேதி மாவட்டத்து கோர்வாவில். திருச்சித் தொழிற்சாலை தன் பங்குக்கு ஏகே வகையில் 'திருச்சி அசால்ட் ரைபிள்' செய்திருக்கிறது.

ஏகே-203-ன் ரிசீவர் பழையபடி எஃகுத் தகடுதான். மேகசின்? பிளாஸ்டிக்.