குழந்தைகளின் அழுகையும் பெற்றோர் அணுகுமுறையும்: ஒரு வரலாறு

பேச்சு வராத குழந்தை தன் தேவையைத் தெரிவிக்கும் முதல் வழி அழுகை ஆகும். பசி, வலி, ஈரத்துணி, தூக்கக் கலக்கம், பயம், தனிமை ஆகிய எல்லாவற்றையும் அது குரலால்தான் அறிவிக்க முடியும். ஒன்றரை, இரண்டு வயதில் நடக்க வருகிறது, விருப்பு வெறுப்புகள் வலுக்கின்றன, ஆனால் அவற்றைச் சொல்லச் சொற்கள் போதவில்லை. வீறிட்டுக் கத்துவதும் தரையில் விழுந்து புரள்வதும் இந்த வயதில் மிகுதியாகக் காணப்படுகின்றன.

அழும் குழந்தையைத் தூக்க வேண்டுமா, அழட்டும் என்று விட்டுவிட வேண்டுமா? கடந்த 150 ஆண்டுகளில் மேலைநாட்டு மருத்துவர்களும் உளவியலாளர்களும் இக்கேள்விக்கு நேரெதிரான விடைகளைக் கூறியுள்ளனர். அந்த விடைகள் மாறிய வரலாறே இக்கட்டுரை.

அபின் கலந்த பாகு

19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஏழைத் தொழிலாளர் குடும்பங்களில் குழந்தை அழாமலிருக்க "காட்ஃப்ரே கார்டியல்" என்ற பாகு புகட்டப்பட்டது. அதில் அபின் கலந்திருந்தது. அமெரிக்காவில் 1849 முதல் விற்கப்பட்ட "திருமதி வின்சுலோவின் பாகு" என்னும் மருந்தில் மார்ஃபின் இருந்தது. குழந்தை அமைதியானது உண்மைதான். ஆனால் அது மயக்கத்தால் வந்த அமைதி. பால் குடிக்காமல் நலிந்தும், மூச்சு அடங்கியும் பல குழந்தைகள் இறந்தன. 1906ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம் இத்தகைய பொருள்களின் பெயரைப் புட்டியின் மேல் அச்சிடுவதைக் கட்டாயமாக்கியது. பம்பாய்ப் பருத்தி ஆலைகளில் வேலை செய்த தாய்மாரும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குழந்தைக்கு அபின் உருண்டை கொடுத்துவிட்டு வேலைக்குச் சென்றது பதிவாகியுள்ளது. கூலிக்காக நாள் முழுதும் பிள்ளையைப் பிரிந்திருக்க வேண்டிய நிலையே இப்பழக்கத்தின் அடிப்படை.

தமிழக வீடுகளில் பல தலைமுறைகளாகப் பழக்கமான கிரைப் வாட்டரும் அக்காலத்ததே. 1851இல் இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரில் வில்லியம் உட்வர்டு என்பவர் அதை உருவாக்கினார். அதில் அபின் இல்லை; எனினும் அங்கு விற்கப்பட்ட மருந்தில் நெடுங்காலம் ஆல்கஹால் கலந்திருந்தது.

டார்வின் கண்டவை

அழுகையை முதன்முதலில் அறிவியல் நோக்கில் விரிவாக ஆராய்ந்தவர்களுள் சார்லஸ் டார்வின் ஒருவர். மனிதரும் விலங்குகளும் உணர்ச்சிகளை வெளிப்படுத்தும் விதம் பற்றி 1872இல் வெளியிட்ட நூலில், தம் குழந்தைகளிடமே கண்டவற்றை அவர் எழுதினார். 77 நாள் குழந்தையின் திறந்த கண்ணில் அவருடைய சட்டைக் கையின் ஓரம் தற்செயலாக உரசியது. அந்தக் கண்ணில் நீர் பெருகியது. குழந்தை பலமாக வீறிட்டும் மற்றக் கண் ஏறக்குறைய உலர்ந்தே இருந்தது. பிறந்த சில வாரங்களுக்குக் குழந்தையின் அழுகையில் கண்ணீர் இருப்பதில்லை என்பதை அவர் இவ்வாறு கவனித்தார். குழந்தை அழுதால் எவ்வாறு அடக்குவது என்பதை அவர் ஆராயவில்லை. அழும்போது என்ன நடக்கிறது என்பதையே பார்த்தார்.

"அழட்டும், விடுங்கள்"

அடுத்து வந்த ஆலோசகர்களின் போக்கு வேறாக இருந்தது. நியூயார்க் குழந்தை மருத்துவர் லூதர் எம்மெட் ஹோல்ட் 1894இல் தாய்மாருக்காக வினா-விடை வடிவில் ஒரு நூல் எழுதினார். கைக்குழந்தை நாளுக்கு 15 முதல் 30 நிமிடம் அழுவது இயல்பு என்றும், அது நுரையீரலுக்கு நல்லது என்றும் அதில் கூறினார். கோபத்தாலோ பழக்கத்தாலோ அழும் குழந்தையை, இரண்டு மூன்று மணி நேரம் ஆனாலும், அழுது ஓயும்வரை விட்டுவிட வேண்டும் என்பது அவர் அறிவுரை. நியூசிலாந்தில் 1907இல் தாய்சேய் நலச் சங்கம் தொடங்கிய ட்ரூபி கிங், நான்கு மணிக்கு ஒருமுறை மட்டுமே பால், இரவில் பால் கூடாது என்ற ஒழுங்கைப் பரப்பினார்.

இப்போக்கின் உச்சம் அமெரிக்க உளவியலாளர் ஜான் வாட்சன் 1928இல் வெளியிட்ட நூல். குழந்தையைக் கட்டியணைக்கவோ முத்தமிடவோ வேண்டாம், காலையில் கைகுலுக்கினால் போதும் என்றார் அவர். அவர் மனைவி ரோசலி ரேனர் 1930இல் எழுதிய பத்திரிகைக் கட்டுரையில், கணவரின் கொள்கையைத் தம்மால் முழுமையாக ஏற்க முடியவில்லை என ஒப்புக்கொண்டார். அந்நூல்களைப் படித்த எத்தனையோ தாய்மார் பிள்ளையைத் தூக்கத் துடித்த கைகளைக் கட்டிக்கொண்டு நின்றிருப்பர். தூக்கியவர்கள் தவறு செய்துவிட்டதாக வருந்தியிருப்பர்.

எண்ணிப் பார்த்தவர்கள்

இக்கருத்துகளை மாற்றியவை பெரும்பாலும் பொறுமையான கணக்கெடுப்புகளே.

1931இல் ஃபுளோரன்ஸ் குடினஃப் என்ற அமெரிக்க உளவியலாளர், 45 குழந்தைகளின் 1,878 கோப வெடிப்புகளைத் தாய்மாரைக் கொண்டே குறிக்கச் செய்து வெளியிட்டார். இரண்டாம் வயதில் அவை மிகுதி. உணவு வேளைக்கு முன்பும், உடல்நலமில்லாத நாள்களிலும் அவை கூடின. "பிடிவாதம்" எனப்பட்டதில் ஒரு பகுதி பசியும் களைப்பும் என்பது தெரிந்தது.

1946இல் பெஞ்சமின் ஸ்போக்கின் நூல், பெற்றோர் தம் இயல்பறிவை நம்பலாம் என்றது. 1958இல் ஜான் பௌல்பி, தாயைப் பிள்ளையுடன் பிணைக்கும் ஐந்து இயல்பூக்கங்களுள் ஒன்றாக அழுகையைச் சேர்த்தார். 1962இல் பெரி பிரேசல்டன் 80 குழந்தைகளின் அழுகையைக் கணக்கிட்டார். இரண்டாம் வாரத்தில் நாளுக்கு ஏறக்குறைய 1¾ மணி நேரம்; ஆறாம் வாரத்தில் 2¾ மணி; பிறகு குறைகிறது. நலமான குழந்தையும் காரணம் புலப்படாமல் அழும், அது தாயின் குற்றமன்று என்பதற்கு இது சான்றாயிற்று.

1972இல் சில்வியா பெல், மேரி ஐன்ஸ்வொர்த் ஆகியோர் 26 குழந்தைகளை ஓராண்டு கவனித்தனர். தாய் விரைந்து கவனித்த குழந்தைகள் ஆண்டின் இறுதியில் குறைவாக அழுதனர் என்பது அவர்கள் முடிவு. தூக்கினால் கெட்டுப்போகும் என்ற கருத்துக்கு இது நேர்மாறானது. கணக்கிட்ட முறையைப் பிற ஆய்வாளர்கள் குறைகூறினர். விவாதம் இன்றும் தொடர்கிறது.

1986இல் மான்ட்ரியலில் நடந்த ஓர் ஆய்வில், நாளுக்குக் கூடுதலாக மூன்று மணி நேரம் தூக்கிவைத்திருக்கும்படி சொல்லப்பட்ட தாய்மாரின் குழந்தைகள் ஆறாம் வாரத்தில் 43% குறைவாக அழுதன. பின்னர் இங்கிலாந்தில் நடந்த ஆய்வில் இப்பலன் கிடைக்கவில்லை. எப்போதும் தாயின் உடலோடு இருக்கும் கலஹாரி பாலைப்பகுதியின் குங் மக்களின் குழந்தைகளும் மற்றக் குழந்தைகளைப் போல அடிக்கடி அழுகின்றன. ஆனால் ஒவ்வொரு முறையும் சிறிது நேரமே அழுகின்றன.

இன்றைய நிலை

குழந்தையின் அழுகை கெட்ட பழக்கம் அன்று, செய்தி என்பதே இன்று பெரும்பாலோர் ஏற்கும் கருத்து. முதல் மாதங்களில் அழும் குழந்தையைத் தூக்குவதால் அது கெட்டுப்போவதில்லை. இரவுத் தூக்கத்துக்காகச் சற்றுப் பொறுத்துச் சென்று பார்க்கும் முறையை 1985இல் ரிச்சர்டு ஃபெர்பர் பரவலாக்கினார். அது பிறந்த குழந்தைகளுக்கு உரியதன்று. நடைபயிலும் வயதுக் குழந்தை வீறிடும்போது திருப்பிக் கத்தாமல் அருகில் இருப்பது, அடங்கியபின் அதன் உணர்ச்சிக்குச் சொல் கொடுப்பது, ஒரே விதியை மாற்றாமல் கடைப்பிடிப்பது ஆகியவை பயன் தருகின்றன.

ஒன்றை மட்டும் எல்லாரும் அறிந்திருக்க வேண்டும். அழுகையைப் பொறுக்க முடியாமல் கைக்குழந்தையைப் பிடித்துக் குலுக்கினால் மூளையில் இரத்தக்கசிவு ஏற்பட்டு உயிரே போகலாம். பொறுமை எல்லை மீறும்போது குழந்தையைப் பாதுகாப்பான இடத்தில் மல்லாக்கப் படுக்கவைத்து, சில நிமிடம் விலகி நின்று, வீட்டிலுள்ள மற்றவரை அழைப்பதே சரி. காய்ச்சல், பால் குடிக்க மறுத்தல், தொடர்ந்த வாந்தி, வழக்கத்துக்கு மாறான கீச்சுக்குரல் ஆகியவற்றுடன் அழுதால் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.