கன்னியாவும் நித்திரையும்

1942 ஏப்ரல் 9 காலை ஜப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தையும் சீனன்குடா விமானத்தளத்தையும் தாக்கின. எண்ணெய்த் தாங்கி ஒன்று பற்றி எரிந்தது. அப்போது சிறுமியாயிருந்த என் அம்மம்மா, அதன்பின் பல காலம் இரவில் கண்மூடவில்லை என்று சொல்லுவா. விமானம் வந்தது பகலில். பயம் வந்தது இரவில். காது விழித்திருந்தால் உடம்பு எப்படி உறங்கும்?

அவவைத் தாயார் பின்னேரங்களில் கன்னியாவுக்குக் கூட்டிப்போனாவாம். ஏழு வெந்நீர்க் கிணறுகள், ஒவ்வொன்றிலும் சூடு வேறு. தாயின் ஈமக்கடனுக்காக இராவணன் உண்டாக்கியவை என்பது ஐதீகம். இன்றும் அந்தியேட்டிக்கு அங்கே வருவார்கள். துக்கத்தோடு வந்தவர்கள் அந்த நீரில் குளித்துப் போனதை வெறும் சடங்கென்று என்னால் ஒதுக்க முடியவில்லை. வெந்நீர் கைகால்களின் இரத்தக்குழாய்களை விரிக்கிறது. உள்ளுடம்பின் சூடு தோல் வழியே வெளியேறித் தணிகிறது. அந்தத் தணிவு நித்திரையைக் கொண்டுவருகிறது. படுக்க ஒன்றிரண்டு மணித்தியாலம் முன்பு குளிப்பது நல்லது என்கிறது இன்றைய மருத்துவம்.

பிறகு போர்க்கால ஷெல் சத்தம், 2004 டிசம்பர் 26இல் கடற்கோள். நித்திரை கெட்ட தலைமுறைகள் இங்கே பல. அவர்களுக்குக் குளிசை மட்டும் போதும் என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. தினமும் ஒரே நேரத்தில் எழும்புங்கள், பின்னேரத் தேநீரை விடுங்கள். வாரத்தில் மூன்று இரவாவது, மூன்று மாதமாக நித்திரையில்லை என்றால் வைத்தியரிடம் போங்கள். எதைக் கண்டு பயந்தீர்கள் என்பதையும் அவரிடம் சொல்லுங்கள்.