சேம அச்சு

கோவையின் மோட்டார் வரலாற்றைப் பேசப் புகுவோர் ஜி.டி. நாயுடுவிலிருந்து தொடங்குவது மரபு. 1893இல் கலங்கலில் பிறந்த அவர், 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒற்றைப் பேருந்து ஒன்றை ஓட்டத் தொடங்கினார். அவிநாசி சாலையின் மேல் 10.1 கிலோமீட்டர் நீளத்துக்கு எழுந்து, 2025 அக்டோபரில் திறக்கப்பட்ட மேம்பாலம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. ஆயினும் கொங்கு நாட்டுக் குடும்பங்களின் நினைவில் நிலைத்த வண்டி பேருந்தன்று, அம்பாசிடர்.

பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்போர்டை அடியொற்றி, இந்துஸ்தான் மோட்டார்ஸ் வங்காளத்து உத்தரபாராவில் 1950களின் பிற்பகுதியில் அதைச் செய்யத் தொடங்கிற்று. 2014 மே மாதத்தில் உற்பத்தி நின்றது. ஏறத்தாழ அறுபதாண்டுகள், பெரிய மாற்றமில்லாத ஒரே உருவம்! மில் முதலாளிக்கும் தோட்டக்காரருக்கும் நூல் வியாபாரிக்கும் அதுவே கார். முன்பக்கம் நீள இருக்கை. கியர்த் தண்டோ ஸ்டீயரிங்கின் அடியில். ஆதலால் ஓட்டுநருக்கு அருகே இருவர் தாராளமாக அமரலாம். சீர் வரிசைத் தட்டுகளும் தேங்காய் மூட்டைகளும் ஒரே டிக்கியில் பயணம் செய்தன.

அந்த இடத்துக்கு இன்று வந்திருப்பது மாருதியின் டிசையர் எனலாம். இரண்டையும் அளந்து பார்த்தால் ஒரு வேடிக்கை புலப்படும். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடைப்பட்ட தூரம் அம்பாசிடரில் சுமார் 2464 மி.மீ.; டிசையரில் 2450 மி.மீ. நடுவுடல் ஏறக்குறைய ஒன்றே, குறுகியது வால்தான். வெட்டியவர் பொறியாளர் எனினும் வெட்டச் சொன்னது வரி. 2006 மத்திய வரவு-செலவுத் திட்டம், 4000 மி.மீ.க்கு மேற்படாத சிறிய எஞ்சின் கார்களுக்கு உற்பத்தி வரியை 24 விழுக்காட்டிலிருந்து 16ஆகக் குறைத்தது. 2008இல் 4160 மி.மீ. நீளத்தோடு வந்த டிசையர், 2012இல் 3995 மி.மீ.க்குள் ஒடுங்கிக்கொண்டது. 2025 செப்டம்பரில் ஜி.எஸ்.டி. திருத்தப்பட்டபோதும் அந்த 4000 அசையவில்லை. அழகியலைத் தீர்மானிப்பதில் கலைஞனைவிட நிதியமைச்சகத்துக்குச் செல்வாக்கு அதிகம் போலும்.

பழமையைப் போற்றும் ஆர்வத்தில் உயிரை மறந்துவிடலாகாது. கெட்டித் தகடுதான் பாதுகாப்பு என்று நம்மவர் பலர் இன்றும் வாதிடுவர். மோதலின் விசையைத் தகடு மடங்கி வாங்கிக்கொள்ளாவிட்டால், அதை வாங்குவது உள்ளிருப்பவரின் எலும்பு. 2024இல் வந்த டிசையர் ஆறு காற்றுப்பைகளோடு குளோபல் என்கேப் சோதனையில் பெரியவர் பாதுகாப்புக்கு ஐந்து நட்சத்திரம் பெற்றது. அதன் முந்தைய தலைமுறைக்குக் கிடைத்தவை இரண்டே. இவ்வொப்பீட்டில் அம்பாசிடருக்காகப் பரிந்து பேச நமக்கு ஒன்றுமில்லை.

பரிந்து பேச வேண்டியது வேறோரிடத்தில். புறநானூற்றின் 102ஆம் பாட்டில் ஔவையார் பொகுட்டெழினியை, உமணர் தம் உப்பு வண்டியின் அடியில் கட்டிச் செல்லும் சேம அச்சுக்கு ஒப்பிடுகிறார். மேட்டிலும் பள்ளத்திலும் அச்சு முறிந்தால் மாற்ற இன்னொன்று வேண்டுமென்பது அவ்வணிகரின் முன்னறிவு. அம்பாசிடரின் சேம அச்சு வண்டிக்கடியில் இருக்கவில்லை, ஊருக்குள் இருந்தது. பஞ்சாலைக்கும் பம்புசெட்டுக்கும் உதிரி கடைந்து பழகிய பீளமேட்டு, கணபதிப் பட்டறைகளின் லேத்துகளுக்கு, தேய்ந்த புஷ் ஒன்றைக் கடைந்து தருவது பெரிய காரியமன்று. காண்டாக்ட் பாயிண்டை உப்புத்தாளால் தேய்ப்பதும், கார்புரேட்டரைக் கழற்றி ஊதுவதும் ஓட்டுநரே அறிந்த கலைகள். ஓசையைக் கேட்டே நோய் சொல்லும் மெக்கானிக்குகள் இருந்தனர். எழுதப்படாத பாடத்தைச் சிறுவர்கள் அவர்களுக்கு ஸ்பானர் எடுத்துக் கொடுத்தபடியே கற்றனர்.

டிசையரில் எரிபொருளை அளந்து தெளிப்பது கணினி. பழுதானால் ஒரு மஞ்சள் விளக்கு எரியும். ஸ்கேனரைச் செருகினால் எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு குறியீடு தோன்றும். பாகத்தைச் சீர்செய்வதைவிடப் பெரும்பாலும் மாற்றிவிடுகின்றனர். பழுது அரிது, புகை குறைவு, எரிபொருள் மிச்சம், மறுப்பதற்கில்லை. காதால் நோய் கண்ட அந்த மெக்கானிக்குகளில் எஞ்சியவர்களின் அறிவை ஒலிப்பதிவாகவேனும் யாரும் தொகுத்து வைத்ததாக நாம் கேள்விப்படவில்லை. கோவையின் பொறியியல் கல்லூரிகளில் ஒன்று இதை மாணவர் ஆய்வாகவே தொடங்கலாம். அதற்கு வேண்டுவது ஒரு பதிவுக் கருவியும், பட்டறை வாசலில் உட்காரச் சில மாலைகளுமே.