ஏரிக்கும் உண்டு மூலப் பத்திரம்



ஒரு காணி நிலம் வாங்கப் போகிறோம் என்றால் முதலில் என்ன கேட்போம்? "மூலப் பத்திரம் இருக்குதா?" என்று கேட்போம். வில்லங்கம் பார்ப்போம். எல்லைக்கல் நட்ட இடம் சரிதானா என்று அளந்து பார்ப்போம். சொந்த நிலத்துக்கு இவ்வளவு பார்க்கிற நாம், அந்த நிலத்துக்குத் தண்ணீர் கொடுக்கிற ஏரிக்கு என்றைக்காவது மூலப் பத்திரம் கேட்டிருக்கிறோமா? "ஏரிக்கு ஏதுங்க பத்திரம்? அது பாட்டன் பூட்டன் காலத்திலேருந்து கிடக்குது" என்று சொல்லிவிடுவோம்.

ஏரிக்கும் பத்திரம் இருக்கிறது. செப்பேட்டிலும், கல்லிலும், பனை ஓலையிலும், காகிதத்திலும் என்று நாலு விதமாக இருக்கிறது. அதைப் படித்துப் புத்தகமாகப் போட்டவர்களும் இருக்கிறார்கள். இன்றைக்கு அந்த ஏடுகளைக் கொஞ்சம் புரட்டிப் பார்க்கலாம்.

பாலாறும் செய்யாறும் ஓடுகிற பழைய தொண்டை நாட்டை எடுத்துக்கொள்வோம். செங்கல்பட்டு, காஞ்சிபுரம் சீமைக்கு ஏரி மாவட்டம் என்றே பெயர். 2019-ல் இரண்டாகப் பிரிவதற்கு முன்பு, காஞ்சிபுரம் மாவட்டத்தில் பொதுப்பணித் துறையின் ஏரிகள் மட்டும் 900-க்கு மேல். ஊராட்சி ஒன்றியத்து ஏரிகள் அதில் சேராது.

இத்தனை ஏரி எதற்காக? பாலாறு வருஷம் பூராவும் ஓடுகிற ஆறு இல்லை. ஐப்பசி, கார்த்திகையிலே நாலைந்து பெருமழை பெய்யும், அத்தோடு சரி. அந்தத் தண்ணீரைப் பிடித்து வைத்தால்தான் பயிர். பூமியோ மேற்கிலிருந்து கிழக்கே மெல்லச் சாய்ந்து கிடக்கிறது. சரிவுக்குக் குறுக்கே பிறை மாதிரி ஒரு கரை போட்டால் ஏரி ஆயிற்று. அது நிரம்பினால் கலங்கல் வழியாக வழிந்து, கீழே இருக்கிற அடுத்த ஊர் ஏரிக்குப் போகும். அதனால் எந்த ஏரியும் தனி ஏரி இல்லை. மேலே ஒரு வரத்துக்கால் தூர்ந்தால் கீழே நாலு ஊர் ஏரி காயும். ஏரி என்றால் வெறும் குழி இல்லை. வரத்துக்கால், கரை, மதகு, கலங்கல் எல்லாம் சேர்ந்ததுதான் ஏரி. இதை மனசிலே வைத்துக்கொண்டு ஏடுகளைப் பார்ப்போம்.

முதலில் செப்பேடு. காஞ்சிபுரத்துக்குப் பக்கத்திலே கூரம் என்று ஒரு ஊர். அங்கே கிடைத்த செப்பேடு முதலாம் பரமேசுவரவர்ம பல்லவன் காலத்தது. அதாவது 7-ம் நூற்றாண்டு. அவன் பேராலே பரமேசுவர தடாகம் என்று ஒரு ஏரி வெட்டியதையும், பாலாற்றிலிருந்து அதற்குப் பெரும்பிடுகு என்ற கால்வாய் கொண்டுவந்ததையும் அது சொல்கிறது. பாருங்கள், ஏரியை மட்டும் எழுதவில்லை. தண்ணீர் வருகிற காலையும் பேர் வைத்து எழுதியிருக்கிறார்கள்.

8-ம் நூற்றாண்டிலே இரண்டாம் நந்திவர்மன் கொடுத்தது காசக்குடிச் செப்பேடு. இது இன்னும் கறார். தானம் பெற்றவர்கள் செய்யாறு, வேகவதி, திரையன் ஏரி ஆகியவற்றிலிருந்து கால் வெட்டித் தண்ணீர் கொண்டுபோகலாம் என்று உரிமை கொடுக்கிறது. அந்தக் காலிலே மற்றவர்கள் கிளைக்கால் வெட்டினாலோ, கூடை போட்டு இறைத்தாலோ, சிறு ஏற்றம் வைத்தாலோ தண்டம் என்றும் சொல்கிறது. அந்தத் திரையன் ஏரிதான் இன்றைக்கும் தென்னேரி என்று நிற்கிறது. தண்ணீர்த் திருட்டு நம்ம காலத்தில் வந்தது என்று நினைக்கிறோம். ஆயிரத்து இருநூறு வருஷத்துக்கு முன்பே அதற்குச் சட்டம் போட்டிருக்கிறார்கள்!

அடுத்தது கல். உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்திலே, கி.பி. 919-லும் 921-லும் வெட்டிய கல்வெட்டுகள் அங்கே இருக்கின்றன. ஊரை 30 குடும்பாகப் பிரித்து, குடவோலை போட்டு ஆள் எடுத்தார்கள். சம்வத்சர வாரியத்துக்கு 12 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர், ஏரி வாரியத்துக்கு 6 பேர். பதவி 360 நாள்தான். வயது 35-க்குக் குறையக்கூடாது, 70-க்கு மேலே போகக்கூடாது. கால் வேலிக்கு மேல் வரி கட்டுகிற நிலம் வேண்டும். சொந்த மனையிலே வீடு வேண்டும். மூன்று வருஷத்துக்குள் வாரியத்தில் இருந்தவர் மறுபடி வர முடியாது. முன்னே இருந்து கணக்குக் காட்டாதவருக்கு இடமில்லை. அவருடைய நெருங்கிய சொந்தக்காரருக்கும் இடமில்லை.

இந்தக் கடைசி விதியைக் கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பாருங்கள். ஏரிப் பணத்துக்குக் கணக்குக் கொடுக்காதவன் மச்சானைக் கூட உள்ளே விடவில்லை. ஏரி தூர்ந்து போவதற்கு மண் மட்டுமா காரணம்? கணக்கு தூர்ந்தால் ஏரியும் தூரும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

தூர் வாருவதற்குப் பணம் எங்கிருந்து வந்தது? ஏரிப்பட்டி என்று தனியாக நிலம் விட்டார்கள். அதன் விளைச்சல் ஏரிக்கே. சிலர் பொன்னாகவும் நெல்லாகவும் சபையிடம் முதல் வைத்தார்கள். அதன் வட்டியிலே வருஷா வருஷம் ஏரியில் குழி வெட்டி, அந்த மண்ணைக் கரையிலே போட வேண்டும் என்பது ஏற்பாடு. அள்ளிய வண்டல் கரைக்குப் போனால் ஒரே வேலையில் ஏரியும் ஆழமாகும், கரையும் உயரும்.

இதெல்லாம் நமக்கு எப்படித் தெரிய வந்தது? 1890-ல் ஹூல்ஷ் என்ற ஜெர்மானிய அறிஞர் தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகளை அச்சிடத் தொடங்கினார். 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்வெட்டு அறிஞர் வெங்கையா, தென்னாட்டின் பழைய நீர்ப்பாசனத்தைப் பற்றித் தொல்லியல் துறை ஆண்டறிக்கையிலே தனிக்கட்டுரையே எழுதினார். பிறகு நீலகண்ட சாஸ்திரியார் 1930-களில் எழுதிய சோழர் வரலாற்றுப் புத்தகங்களிலே உத்திரமேரூர் சபை உலகத்துக்கே தெரிந்தது.

மூன்றாவது ஓலை. 1763-ல் ஆற்காட்டு நவாபு செங்கல்பட்டுச் சீமையைக் கும்பினிக்கு ஜாகீராகக் கொடுத்தார். சீமையிலே என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டுமே! 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்ற எஞ்சினீர் சுமார் 2,000 ஊர்களைக் கணக்கெடுத்தார். அவருக்கு விவரம் கொடுத்தது யார்? நம்ம ஊர்க் கணக்குப்பிள்ளைகள்தான். ஓலையிலே எழுதிவைத்திருந்த கணக்கு. எத்தனை வீடு, எவ்வளவு நஞ்சை, எவ்வளவு புஞ்சை, எத்தனை ஏரி குளம் என்று எல்லாம் இருந்தது. களத்து மேட்டிலே நெல் அளக்கும்போது, சர்க்காருக்கும் குடியானவனுக்கும் பங்கு பிரிப்பதற்கு முன்னாலேயே யார் யாருக்கு எவ்வளவு எடுத்து வைக்க வேண்டும் என்பதும் அதில் இருந்தது. கோயிலுக்கு, கணக்குப்பிள்ளைக்கு, தச்சனுக்கு, கொல்லனுக்கு, வெட்டியானுக்கு, அவற்றோடு ஏரிக்கும் காலுக்கும் ஒரு பங்கு. இந்தக் காகிதங்கள் ஆவணக் காப்பகத்திலே தூங்கிக் கிடந்தன. 1960-களுக்குப் பிறகு தரம்பால் என்ற அறிஞர் எடுத்துப் படித்துச் சொன்ன பின்தான் பலருக்கும் தெரிந்தது.

ஏரிக்குப் பங்கு என்பது பெரிய விஷயம். விளைந்தால் ஏரிக்கும் உண்டு. ஏரி நன்றாக இருந்தால்தான் விளையும். கும்பினி ஆட்சி வேரூன்ற வேரூன்ற, வரி ரொக்கமாயிற்று. களத்துப் பங்கும் மானியமும் சிறுகச் சிறுகக் குறைந்தன. வருமானம் சர்க்காருக்குப் போனது. வேலை மட்டும் ஊர் தலையிலே நின்றது.

அதே கும்பினியார் எல்லோரும் ஏரியை மறந்தார்கள் என்றும் சொல்ல முடியாது. 1794 முதல் 1798 வரை கலெக்டராக இருந்த லயனல் பிளேசு துரை பல ஏரிகளைப் பழுது பார்த்தார். மதுராந்தகம் ஏரிக்கரை மழையிலே உடைகிற நேரத்தில் இராமரும் இலட்சுமணரும் வில்லோடு கரையைக் காத்து நின்றதைத் துரை பார்த்தார் என்று கதை சொல்லுவாங்க. கதை எப்படியோ, ஏரி காத்த இராமர் கோயிலில் தாயார் சன்னதி அவர் தர்மம் என்று கல்வெட்டு இருக்கிறது. கரை உடைந்தால் எத்தனை குடும்பம் நடுத்தெருவுக்கு வரும் என்பதை அந்தக் கதை சொன்ன ஜனங்கள் அறிந்திருந்தார்கள்.

நாலாவது காகிதம். 1858-ல் ஒரு சட்டம் வந்தது. கரை காக்கிற வழக்கமான குடிமராமத்து வேலைக்கு வராதவரிடம் அந்த வேலையின் மதிப்பைப் போல் இரண்டு மடங்கு வசூலிக்கலாம் என்றது. 1876-ல் தாது வருஷப் பஞ்சம் வந்து ஜனங்கள் மடிந்த பிறகு, 1883-லிருந்து ஏரி சீரமைப்புத் திட்டம் தொடங்கியது. ஒவ்வொரு ஏரிக்கும் கரை எவ்வளவு உயரம், கலங்கல் எந்த மட்டம், மதகு எந்த மட்டம், ஆயக்கட்டு எவ்வளவு என்று அளந்து எழுதினார்கள். ஏரி மெமாயிர் என்று சொல்வது அதைத்தான். நம்ம ஏரிக்குக் கடைசியாக எழுதிய மூலப் பத்திரம் அதுவே.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நியாயம் ஆகாது. இந்த ஏடுகளிலே ராஜா பேர் இருக்கிறது, சபை இருக்கிறது, துரை பேர் இருக்கிறது. கோடையிலே பாலாற்று மணலில் இறங்கி ஊற்றுக்கால் வெட்டியவன் பேர் இல்லை. இடுப்பளவுத் தண்ணீரிலே முங்கி மதகு திறந்த நீர்க்கட்டி பேர் இல்லை. உத்திரமேரூர் வாரியத்திலே வேதம் படித்த நிலக்காரருக்குத்தான் இடம். மண் சுமந்தவருக்கு இல்லை, பெண்களுக்கும் இல்லை. பழைய காலத்தைப் புகழுகிறபோது இதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். கணக்குக் காட்டுகிற ஒழுங்கை அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்வோம். சுமந்தவனை வெளியே நிறுத்தியதை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சரி, "ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா?" என்று கேட்பீர்கள். உதவும். ஒரு ஊரில் வரத்துக்கால் மேலே மனை பிரித்து விற்றுவிட்டார்கள் என்று வையுங்கள். ஊரார் போய்க் கேட்டால், "இங்கே கால் ஏது? மழைத் தண்ணீர் ஓடிய பள்ளம்" என்பார்கள். வாய்ச்சண்டையிலே ஒன்றும் நடக்காது. கிராம வரைபடத்தைப் பாருங்கள். 'அ' பதிவேட்டிலே அந்தச் சர்வே எண் வாய்க்கால் புறம்போக்கு என்று இருந்தால், அதுவே சாட்சி. மேலூர்க்காரர் கலங்கல் மேலே மண் மூட்டை அடுக்குகிறாரா? கீழூர்க்காரர் கலங்கலை இடிக்கிறாரா? மெமாயிரிலே இருக்கிற மட்டத்தை எடுத்து வையுங்கள். அடிதடி இல்லாமல் வழக்கு தீரும்.

1980-ல் கர்ணம் பதவி போன பிறகு, ஊர்க் கணக்கை மனப்பாடமாகச் சொல்லுகிற ஆள் ஊரிலே இல்லாமல் போனார். ஆனால் ஏடு போய்விடவில்லை. கிராம நிர்வாக அலுவலரிடமும், தாலுகா ஆபீசிலும், 2021-ல் தனியாகப் பிரிந்த நீர்வளத் துறை அலுவலகத்திலும் கேட்கலாம். கிடைக்காவிட்டால் 2005-ம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டப்படி மனுப் போடலாம். பொதுப்பணித் துறை ஏரிகளில் ஆக்கிரமிப்பை அகற்ற 2007-ல் தனிச்சட்டமே வந்திருக்கிறது. 2017-ல் மணிமங்கலத்தில் தொடங்கிய குடிமராமத்துத் திட்டத்திலும் பாசனதாரர் சங்கத்துக்கு இடம் கொடுத்தார்கள்.

2015 நவம்பர், டிசம்பர் வெள்ளத்தை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். மனிதர் மறந்த காலையெல்லாம் தண்ணீர் ஞாபகம் வைத்திருந்து, அதே தடத்திலே வந்து வீட்டுக்குள் புகுந்தது. நாம் ஏட்டைப் படிக்காவிட்டால், தண்ணீர் வந்து படித்துக் காட்டும். அதற்குக் கொடுக்கிற கூலி அதிகம்.

ஆகவே பெருமக்களே, இந்தக் கோடையிலே ஒரு காரியம் செய்யுங்கள். ஏரி தண்ணீர் வற்றிக் கிடக்கிறபோது, வரைபடத்தைக் கையிலே எடுத்துக்கொண்டு, வயசான ஒருவரையும் பள்ளிக்கூடம் படிக்கிற பிள்ளைகள் நாலு பேரையும் கூட்டிக்கொண்டு, வரத்துக்காலை அது தொடங்குகிற இடத்திலிருந்து ஏரி வாய் வரைக்கும் நடந்து பாருங்கள். எங்கே தூர்ந்திருக்கிறது, எங்கே குறுகியிருக்கிறது என்று நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். மண் வெட்டியவர் பேரையும் மதகு திறப்பவர் பேரையும் மறக்காமல் எழுதுங்கள். வரவு செலவையும் அதிலேயே எழுதி, ஊர்க்கூட்டத்தில் படியுங்கள். நாளைக்கு நம்ம பேரப்பிள்ளைகள் கேட்கும்போது, நம்ம ஏரிக்கு ஐந்தாவது பத்திரம் அதுவாக இருக்கும்.