நெருப்பை வென்ற நுரை

மகாபாரதத்தில், உத்தியோக பர்வத்தில் ஒரு கதை வருகிறது. ஆயுதம் எதனாலும் கொல்ல முடியாத விருத்திராசுரனை இந்திரன் கடல் நுரையை எறிந்து கொன்றான். வெற்றி கிடைத்தது, நிம்மதி கிடைக்கவில்லை. பாவம் துரத்த, தண்ணீருக்குள் போய் ஒளிந்து கொண்டான். நம் காலத்திலும் அப்படி ஒரு நுரை பிறந்தது. அதன் பாவமும் தண்ணீருக்குள்தான் போய் ஒளிந்தது.

பெட்ரோலில் பற்றிய நெருப்பு அந்த அசுரனுக்குச் சளைத்ததல்ல. தண்ணீரை ஊற்றினால் தண்ணீர் அடியில் போய்விடும்; பெட்ரோல் மேலே மிதந்து கொண்டு எரியும். முன்பெல்லாம் மிருகங்களின் குளம்பிலிருந்தும் கொம்பிலிருந்தும் எடுத்த புரதத்தைக் கொண்டு நுரை செய்தார்கள். அது மெள்ளத்தான் பரவும். 1960-களில் அமெரிக்கக் கடற்படையின் ஆராய்ச்சிச் சாலை, திரீ எம் கம்பெனியின் துணையோடு, புளோரின் சேர்ந்த ரசாயனங்களால் புது நுரை ஒன்றை உருவாக்கியது. பாலின் மேல் ஏடு படிவது போல அது எண்ணெயின் மேல் பரவிக் காற்றை மறித்துவிடும்.

இதன் அருமையை உணர்த்த ஒரு கோர விபத்து நேர்ந்தது. 1967-ஆம் வருஷம் ஜூலை மாதம் 29-ந் தேதி, வியட்நாமுக்கு அருகே டாங்கின் வளைகுடாவில், 'பாரஸ்டல்' என்ற விமானந்தாங்கிக் கப்பலில் ராக்கெட் ஒன்று தவறிப் பாய்ந்தது. எதிரே நின்ற விமானத்தின் எண்ணெய்த் தொட்டி உடைந்து தீப்பற்றியது, குண்டுகள் வெடித்தன. ஒருவர் பாய்ச்சிய நுரையை, பதற்றத்தில் மற்றவர் கடல்நீரைப் பாய்ச்சிக் கழுவி விட்டார்கள். 134 பேர் மாண்டார்கள். இதற்குப் பிறகு புது நுரையை வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? கப்பல்களுக்கும் விமானத் தளங்களுக்கும் அது போய்ச் சேர்ந்தது. எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றவும் செய்தது. அதை மறுப்பது நியாயமல்ல.

ஆனால் கரிக்கும் புளோரினுக்கும் உள்ள பந்தம் லேசில் அறுபடாதது. வெயில் அதைச் சிதைக்காது. மண்ணிலுள்ள கிருமிகளும் தின்னாது. நெருப்பு அணைந்தது, நுரையும் அடங்கியது. ரசாயனம் மட்டும் அப்படியே மண்ணில் இறங்கியது.

சுவீடன் தேசத்தின் தெற்கே கல்லிங்கே என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. பக்கத்திலே விமானப் படைத் தளம். அங்கே தீயணைக்கும் பயிற்சிக்காக வருஷக் கணக்கில் இந்த நுரையைக் கொட்டினார்கள். 2013-ஆம் வருஷம் டிசம்பரில் குடிநீரைச் சோதித்தபோதுதான் விஷயம் வெளிப்பட்டது. நீர்நிலையத்தை மூடினார்கள். ஆனால் ஜனங்கள் அதற்குள் குடித்தாகிவிட்டதே! அவர்கள் ரத்தத்தில் இந்த ரசாயனங்கள் மற்றவர்களுக்கு இருப்பதைப் போலப் பல மடங்கு இருந்தன. அவற்றில் பாதி வெளியேறவே சில வருஷங்கள் ஆகும். கருவிலும் தாய்ப்பாலிலும் அவை குழந்தைக்குப் போகும். இந்த இனத்தில் ஒன்று புற்று நோய் உண்டாக்குவது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2023-ல் அறிவித்தது.

ஊரார் வழக்குத் தொடுத்தார்கள். "உங்களுக்குத்தான் நோய் ஒன்றும் வரவில்லையே! பின் எதற்கு நஷ்ட ஈடு?" என்பதே எதிர்த்தரப்பின் வாதம். கீழ்க் கோர்ட்டு ஊரார் பக்கம் நின்றது. அப்பீல் கோர்ட்டு அதைப் புரட்டியது. கடைசியில், 2023 டிசம்பர் 5-ந் தேதி, அந்நாட்டு சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது: ரத்தத்தில் இவ்வளவு ரசாயனம் சேர்ந்திருப்பதே தேகத்துக்கு இழைத்த தீங்குதான்; நோய் வரட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. பதில் சொல்ல வேண்டியிருந்ததோ நுரையைக் கொட்டிய விமானப் படையல்ல. அந்தத் தண்ணீரைக் குழாயில் அனுப்பிய ஊர் நிறுவனம்!

இந்திரன் கதைக்கும் ஒரு முடிவு உண்டு. அவன் அசுவமேத யாகம் செய்து, தன் பாவத்தை மரங்களுக்கும் நதிகளுக்கும் மலைகளுக்கும் பூமிக்கும் பெண்களுக்கும் பங்கிட்டுக் கொடுத்துவிட்டுச் சுத்தமானான். பங்கு பெற்றவர்களின் வழக்கை அங்கே விசாரித்தவர் யாரும் இல்லை. கல்லிங்கே மக்களின் வழக்கையாவது ஒரு கோர்ட்டு விசாரித்தது.