பட்டமளிப்பு விழாவுக்கு முன்பே தொடங்க வேண்டிய வேலை

பாலமுனையிலிருந்து ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் கூப்பிடு தூரம். யுத்தத்தின் விளைவாக உருவான பல்கலைக்கழகம் அது. வந்தாறுமூலையிலும் யாழ்ப்பாணத்திலும் படிப்பைத் தொடர முடியாமல் போன முஸ்லிம் மாணவர்களை முன்னிறுத்தி, அன்றைய அமைச்சர் எம்.எச்.எம். அஷ்ரஃப் எடுத்த முயற்சியால் 1995 ஒக்டோபரில் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1996 மே மாதம் தனிப் பல்கலைக்கழகமானது. இன்று நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் மூவின மாணவர்களும் அங்கே படிக்கிறார்கள். ஆனால் பட்டத்தோடு வெளியே வருபவருக்கு இந்தக் கரையோரத்தில் வேலை குறைவு. 2013இல் திறக்கப்பட்ட ஒலுவில் துறைமுகத்தை நம்பியிருந்தவர்கள், அதன் வாயிலை மணல் மூடியதைத்தான் பார்த்தார்கள்.

மாணவர்கள் பலர் கவனிக்காத ஒரு விடயம் உண்டு. பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும் 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும் 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் வழங்கப்படுகிறது. அந்தப் பின்தங்கிய 16 மாவட்டங்களில் அம்பாறையும் ஒன்று. நியாயமான ஏற்பாடுதான். ஆனால் வங்கியோ தனியார் கம்பனியோ ஆளெடுக்கும்போது மாவட்ட வெட்டுப்புள்ளி பார்ப்பதில்லை. அங்கே கொழும்பு, கண்டி மாணவருடன் நேருக்கு நேர் போட்டி.

அரசாங்கம் எப்படியும் நியமனம் தரும் என்ற எதிர்பார்ப்பு இன்னும் வீடுகளில் இருக்கிறது. 2017இல் கிழக்கில் வேலையற்ற பட்டதாரிகள் மாதக்கணக்கில் வீதியோரத்தில் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். 2020இல் பெருந்தொகையான பட்டதாரிகள் மாதம் 20,000 ரூபாய் கொடுப்பனவில் பயிலுநர்களாகச் சேர்க்கப்பட்டார்கள். 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைச் செலுத்த முடியாதென நாடு அறிவித்த பின் அரச ஆட்சேர்ப்பு இறுகிவிட்டது. மொத்தமாக நியமனம் வரும் என்று நம்பி நான்கு வருடங்களைக் கழிப்பது இனி ஆபத்தான கணக்கு.

முதலில் பார்க்க வேண்டியது மொழி. 2007 ஜூலை 1 முதல் அரச சேவையில் சேர்பவர் இரண்டாம் அரச கரும மொழியில் தேர்ச்சி பெற வேண்டும் என்ற விதி வந்தது. தமிழில் படித்தவருக்கு அது சிங்களம். மாவட்டச் செயலகம் இருக்கும் அம்பாறை நகரில் ஒரு கடிதம் கொடுக்கப் போனாலே அதன் தேவை புரியும். யுத்த காலத்தில் வளர்ந்த வாப்பா, உம்மா பலருக்கு அந்த மொழியோடு கசப்பான நினைவுகள் இருக்கலாம். பிள்ளை அதைக் கற்பதற்கு அது தடையாகக் கூடாது. வழி வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது. அரச வேலையை நாடும் சிங்கள மாணவருக்கும் தமிழ் தேவை. வாரம் இரண்டு நாள், ஒரு மணித்தியாலம் நீங்கள் தமிழ் சொல்லிக்கொடுங்கள், அவர் சிங்களம் சொல்லித்தரட்டும். கட்டணமில்லாத ரியூசன் இது.

ஆங்கிலம் வேறு கதை. முகாமைத்துவம், பொறியியல், விஞ்ஞான மாணவருக்கு விரிவுரையே ஆங்கிலத்தில். கலைப்பீடத்தில் தமிழில் படிப்பவர்தான் இறுதி வருடத்தில் தடுமாறுகிறார். அவர் முதல் வருடத்திலிருந்தே தன் பாடத்தில் ஓர் ஆங்கில நூலையாவது வாசித்து முடிப்பது நல்லது. நேர்முகப் பரீட்சையில் கேட்கப்படுவது இலக்கணமல்ல, தான் படித்ததை விளக்கும் திறன்.

வெள்ளிக்கிழமை தோறும் வர்த்தமானி வெளியாகிறது. ஜும்ஆ முடிந்து வந்து பத்து நிமிடம் அதைப் பார்க்கும் பழக்கம் இரண்டாம் வருடத்திலேயே வர வேண்டும். எந்தப் பதவிக்கு என்ன தகைமை, வயதெல்லை எது, எந்தப் பாடத்தில் பரீட்சை என்பது அப்போது தெரியவரும். நிர்வாக சேவைப் பரீட்சையைத் தமிழிலும் எழுதலாம். பொது நுண்ணறிவு வினாத்தாளுக்கு வேகம் வேண்டும். அது விண்ணப்பம் கோரிய பின் சில வாரங்களில் வராது. பழைய வினாத்தாள்களை நேரம் வைத்துச் செய்து பழகுவதே வழி.

தனியார் துறையை நாடுபவர் பட்டத்தோடு இன்னொரு தகைமையையும் சேர்த்துக்கொள்ளலாம். ஏ.ஏ.ரி., பட்டயக் கணக்காளர் பரீட்சைகளைப் படிக்கும்போதே தொடங்க முடியும். வளைகுடாவுக்குப் போக நினைப்பவருக்குத் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ், அதிலும் நான்காம் மட்டம், கலைப் பட்டத்தைவிடச் சில இடங்களில் கூடுதலாக உதவும். பட்டதாரிக்கு அது இழுக்கல்ல. பெண் பிள்ளைகளைக் கொழும்புக்கு அனுப்பத் தயங்கும் வீடுகள் இங்கே அதிகம். அவர்களுக்கு ஆசிரியத் தொழில் ஒன்றே வழி என்று முடிவெடுக்கும் முன், வீட்டிலிருந்தே செய்யக்கூடிய கணக்கு, மொழிபெயர்ப்பு, மென்பொருள் வேலைகளையும் பார்க்க வேண்டும்.

கடைசியாக ஆவணங்கள். யுத்தத்திலும் 2004 சுனாமியிலும் பல வீடுகளின் பிறப்புச் சான்றிதழ்கள் போய்விட்டன. எஞ்சியவற்றிலும் பெயர் எழுத்து மாறிக் கிடக்கும்: பிறப்புச் சான்றிதழில் ஒன்று, அடையாள அட்டையில் வேறொன்று, பட்டச் சான்றிதழில் மூன்றாவது. நேர்முகப் பரீட்சைக் கடிதம் வந்த பிறகு சத்தியக் கடதாசிக்கு ஓடுபவர்கள் உண்டு. மூன்றாம் வருட விடுமுறையில் ஒரு நாள் அட்டாளைச்சேனை பிரதேச செயலகத்துக்குப் போய், பதிவாளர் பிரிவில் பிறப்புச் சான்றிதழின் பிரதியை எடுத்து, மூன்றையும் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். பிழை இருந்தால் திருத்தத்துக்கு அன்றே விண்ணப்பித்துவிடலாம்.